பழைய இன்ஜின் ஏன் போனது? சூப்பர்சார்ஜர் படகில் இன்ஜின் மாற்றுவது பற்றி

சூப்பர்சார்ஜர் வைத்த உல்லாசப் படகில் இன்ஜின் போய்விட்டால், உடனே வரும் கேள்வி "புதுசு என்ன விலை?" என்பதுதான். அடுத்தது, "மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் பவரையும் கூட்டிவிடலாமா?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இது: பழைய இன்ஜின் எதனால் போனது? அதற்குப் பதில் தெரியாமல் புதியதை இறக்கினால், அதே காரணம் புதியதையும் கொன்றுவிடும். சூப்பர்சார்ஜர் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஏன் அப்படி என்று புரிய, அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

சாதாரண இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. அந்த வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் சுமார் 14.7 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). உள்ளே போகும் காற்று எவ்வளவோ, அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். எரிவதற்கேற்பத்தான் பவர். சூப்பர்சார்ஜர் என்பது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டால் சுழலும் ஒரு காற்று பம்ப். பெல்ட்டிலோ கியரிலோ ஓடி, இன்ஜின் தானாக இழுக்கும் அளவைவிட அதிகமான காற்றை உள்ளே திணிக்கிறது. அப்படிக் கூடுதலாகச் சேரும் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம்.

இது புதிய யோசனை இல்லை. ரூட்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவில் 1860இல் காப்புரிமை வாங்கிய காற்று ஊதும் எந்திரத்தின் வடிவம்தான் இன்றும் ரூட்ஸ் வகை என்ற பெயரில் ஓடுகிறது. காட்லீப் டைம்லர் 1885இலேயே இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். படகுகளில் இன்று மூன்று வகை பார்க்கலாம். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ இரண்டும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற இன்ஜின் வேகம்) பூஸ்ட் தரும். படகு தண்ணீரிலிருந்து எழும்பி மேலே ஓடத் தொடங்கும் அந்தக் கனமான நேரத்தில் இது பெரிய உதவி. சென்ட்ரிஃபியூகல் வகையில் பூஸ்ட் ஆர்பிஎம்மோடு ஏறும். முழு வேகத்துக்குப் பக்கத்தில்தான் அதன் பலன் தெரியும்.

இனி முக்கியமான இடம். 7 பி.எஸ்.ஐ. பூஸ்ட் என்றால் அழுத்தம் கிட்டத்தட்ட 48 சதவீதம் கூடுகிறது. அப்படியானால் பவரும் அவ்வளவு கூடுமா? கூடாது. காற்றை அமுக்கினால் அது சூடாகும். 30 டிகிரியில் உள்ளே போன காற்று, சுமாரான திறன் கொண்ட சூப்பர்சார்ஜரிலிருந்து 90 டிகிரிக்குப் பக்கத்தில் வெளியே வரும். சூடான காற்று விரிந்திருக்கும், எடை குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையில் சேர்ந்த காற்று 23 சதவீதம் அளவுதான். அதே காற்றை இன்டர்கூலர் வழியாக விட்டு 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 39 சதவீதம் ஆகிவிடும். பூஸ்ட்டைத் தொடவே இல்லை. சூட்டை மட்டும்தான் குறைத்தோம். சூப்பர்சார்ஜரைச் சுழற்றவும் இன்ஜினிலிருந்தே பவர் போகிறது என்பதால் கைக்கு வருவது இதைவிடக் கொஞ்சம் குறையும். படகுக்கு ஒரு நல்ல வசதி உண்டு: இன்டர்கூலரைக் குளிர்விக்க அடியிலேயே தண்ணீர் இருக்கிறது. ஆனால் அது உப்புத் தண்ணீராக இருந்தால் இன்டர்கூலரை உள்ளிருந்தே அரிக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நன்னீர் விட்டு அலச வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

சூட்டுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் ஸ்பார்க் வந்த பிறகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சீராக எரிந்து போக வேண்டும். சூடும் அழுத்தமும் அளவுக்கு மீறினால், தீ வந்து சேர்வதற்குள் மீதிக் கலவை தானாகவே ஒரே நொடியில் வெடித்துவிடும். இதுதான் நாக்கிங். காரில் லேசான நாக்கிங் வந்தால் காதில் கேட்கும், காலை எடுப்போம். படகில் காற்று, அலை, எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு நடுவில் கேட்கவே கேட்காது. கேட்காத நாக்கிங்தான் பிஸ்டனை உடைக்கிறது.

கார் இன்ஜினையும் படகு இன்ஜினையும் ஒன்றாக நினைப்பவர்கள் தவறவிடுவதும் இங்கேதான். கார் சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது இன்ஜின் தன் பவரில் சிறு பங்கைத்தான் கொடுக்கிறது. படகு இன்ஜினோ முழு சுமையோடு மலைப்பாதையில் ஏறிக்கொண்டே இருக்கும் லாரியைப் போன்றது. உச்சியும் கிடையாது, இறக்கமும் கிடையாது. காரில் சில வினாடிகள் மட்டும் தாங்க வேண்டிய பூஸ்ட்டைப் படகு பத்து நிமிடம் தொடர்ந்து தாங்க வேண்டிவரும்.

செத்த இன்ஜின் சொல்லும் கதை

இன்ஜினைத் தூக்குவதற்கு முன் எல்லா ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று எழுதி வரிசையாக வையுங்கள். லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத் தூள் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகளோ, மினுக்கும் சின்னச் சின்ன வெள்ளி மணிகளோ தெரிந்தால் அது நாக்கிங். அந்த வெள்ளி மணி உருகித் தெறித்த பிஸ்டன் அலுமினியம். பீங்கான் முழுக்க வெளுத்துப்போய், ஓரம் உருகியிருந்தால் பெட்ரோல் பற்றாமல் ஓடியிருக்கிறது. ப்ளக்கில் துரு இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒரே ஒரு சிலிண்டரின் ப்ளக் மட்டும் வெளுத்திருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரைச் சந்தேகப்படலாம். எல்லாமே வெளுத்திருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ட்யூனிங் இவற்றில் பொதுவான குறை.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று பார்க்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் ஏற்கலாம். அதற்கு மேல் போனால் லீக்-டவுன் சோதனை செய்து, அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, அது எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். இன்ஜின் முழுக்கப் போய்விட்டது என்று முடிவு கட்டியவர்கள் ஹெட்டை மட்டும் இறக்கி வேலை முடித்துக்கொண்டதும் உண்டு. அதனால் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர். படகில் இது பெரும்பாலும் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்தும் அதன் மேல் உட்காரும் ரைசர் குழாயிலிருந்தும் வரும். அவற்றின் சுவருக்குள் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. உப்பு உள்ளிருந்து தின்று ஒரு ஊசித் துளை விழுந்தால், இன்ஜின் நின்றபின் தண்ணீர் மெல்ல இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீரை அமுக்க முடியாது. அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். புதிய இன்ஜினில் பழைய மேனிஃபோல்டைப் பூட்டிக் காசு மிச்சம் பிடிப்பது இதனால்தான் மோசமான சிக்கனம்.

அடுத்து, பழைய இன்ஜின் விட்டுப்போகும் உடைந்த துண்டுகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூப்பர்சார்ஜர் படகுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். சிறிய ஜெட் படகுகளில் வந்த ரோட்டாக்ஸ் 4-டெக் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், 1,494 சிசி. அதன் சூப்பர்சார்ஜர் கியரில் ஓடுகிறது. காற்றைத் தள்ளும் அதன் சக்கரம் நிமிடத்துக்கு 40,000 சுற்றைத் தாண்டும். இன்ஜின் வேகம் திடீரென்று ஏறி இறங்கும்போது அந்த அதிர்ச்சியைத் தாங்க ஒரு நழுவும் க்ளட்ச் வைத்திருந்தார்கள். ஆரம்ப கால மாடல்களில் அந்த க்ளட்ச்சின் வாஷர்கள் செராமிக். அவை தேய்வதற்குப் பதில் நொறுங்கும். நொறுங்கிய துகள்கள் நேராக இன்ஜின் ஆயிலில் கலக்கும். பிறகு உலோக வாஷர்கள் வந்துவிட்டன. பழைய படகு வாங்குகிறவர் அது மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இப்போது அந்த இன்ஜினைக் கழற்றிப் புதியதை வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் டேங்க், ஆயில் குழாய்கள், ஆயில் கூலர் எல்லாம் பழையவை. ஆயில் கூலரின் மெல்லிய தட்டுகளுக்கு நடுவில் அந்தத் துகள்கள் ஒளிந்திருக்கும். சூடான புதிய ஆயில் பாயும்போது அவை கிளம்பி நேராகப் புதிய பேரிங்குகளுக்குப் போகும். அதேபோல் சூப்பர்சார்ஜர் சக்கரத்தின் இறகு உடைந்திருந்தால் அதன் துண்டு இன்டர்கூலருக்குள் கிடக்கும். பூஸ்ட் வந்ததும் சிலிண்டருக்குள் போகும். என் கருத்தில் ஆயில் கூலரைக் கழுவி நம்புவதைவிடப் புதிதாகவே போட்டுவிடுவது நல்லது. குழாய்களைக் கழுவலாம். இன்டர்கூலரைக் கழற்றி, தலைகீழாகத் தட்டி, உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

பவரைக் கூட்டுவது என்றால்

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இப்போது பவர் பேச்சுக்கு வரலாம். இதில் ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. தண்ணீர் மேல் எழும்பி ஓடும் படகின் வேகம், தோராயமாக, பவரின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 300 குதிரைத்திறனில் 82 கிலோமீட்டர் வேகம் போகும் படகுக்கு 400 குதிரைத்திறன் கொடுத்தால் 95 கிலோமீட்டர் போகும். மூன்றில் ஒரு பங்கு பவர் கூட்டினோம். வேகம் ஆறில் ஒரு பங்குகூட முழுதாகக் கூடவில்லை. வேகத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு பவர் வேண்டும். செலவு மட்டும் வர்க்கமூலத்தில் ஏறாது.

பூஸ்ட்டைக் கூட்டச் சுலபமான வழி சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சின்னதாக்குவது. கிராங்க் புல்லி 180 மில்லிமீட்டர், சூப்பர்சார்ஜர் புல்லி 90 என்றால், இன்ஜின் 5,000இல் ஓடும்போது சூப்பர்சார்ஜர் 10,000இல் சுழலும். 80 மில்லிமீட்டர் புல்லி போட்டால் 11,250. அரை மணி நேர வேலை. ஆனால் காற்று கூடியதற்கேற்ப பெட்ரோல் கூட வேண்டும். சூப்பர்சார்ஜர் இன்ஜின் முழு பூஸ்ட்டில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் கேட்கும். 500 குதிரைத்திறன் என்றால் மணிக்கு 180 லிட்டருக்கு மேல். உங்கள் பம்ப், ஃபில்டர், குழாய், இன்ஜெக்டர் எல்லாம் இதைக் கொடுக்குமா? ஏதாவது ஒன்று திணறினாலும் கலவையில் பெட்ரோல் பற்றாமல் போகும், சூடு ஏறும், நாக்கிங் வரும். புல்லியை மட்டும் மாற்றிய படகுகள் அடுத்தடுத்து இன்ஜின் தின்பது இப்படித்தான்.

இன்ஜினுக்குள்ளும் சில விஷயங்கள் பூஸ்ட்டுக்கென்றே வேறாக இருக்க வேண்டும். பிஸ்டன் வார்ப்பில் செய்ததாக இல்லாமல் ஃபோர்ஜ் செய்ததாக இருப்பது நல்லது. கம்ப்ரஷன் விகிதம் குறைவாக, பெரும்பாலும் 8க்கும் 8.5க்கும் பக்கத்தில் வைப்பார்கள். பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே விடும் இடைவெளியும் கூடுதலாக வேண்டும். பூஸ்ட்டில் ரிங் சூடாகி நீளும். இடைவெளி போதாவிட்டால் இரு முனையும் முட்டிக்கொள்ளும். அப்புறம் ரிங் சிலிண்டரைக் கிழிக்கும் அல்லது பிஸ்டனின் ரிங் மடிப்பையே உடைத்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று சாதாரண இன்ஜினை வாங்கி அதன் மேல் பழைய சூப்பர்சார்ஜரைப் பூட்டக் கூடாது என்பதற்கு இந்த மில்லிமீட்டர் கணக்கு ஒன்றே போதும்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டிலும் படகுக்குத் தனி விதி. படகின் எக்ஸாஸ்டில் புகையோடு தண்ணீரும் கலந்து போகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரே நேரத்தில் அதிகம் திறந்திருக்கும்படியான ரேஸ் கார் கேம் போட்டால், ஐடிலில் அந்தத் தண்ணீரை இன்ஜின் பின்னோக்கி உறிஞ்சிவிடும்.

கார் பாகங்கள் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடிப்பகுதியில் தேங்கும். வெளியே போக வழியில்லை. அதனால் படகுக்கான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் உள்ளே எழும் தீப்பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை. காற்று உள்ளே போகும் வாயில் பேக்ஃபயர் தீயைத் தடுக்கும் உலோக வலை இருக்கும். அந்த இடத்தில் கார் ஏர் ஃபில்டர் வைப்பது ஆபத்து. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கார் ஸ்டார்ட்டரைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்கவே வாங்காதீர்கள்.

இன்ஜினுக்குப் பின்னாலும் பவர் போய்ச்சேர வேண்டிய பாதை இருக்கிறது. இன்ஜின் பவரைப் ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும், படகின் பின்சுவருக்கு வெளியே இருக்கும் ஸ்டர்ன் டிரைவ் ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை உண்டு. பரவலாக இருக்கும் மெர்க்ரூஸர் ஆல்ஃபா டிரைவ் 300 குதிரைத்திறன் அளவுக்கானது. அதன் பின்னால் 450 குதிரைத்திறன் இன்ஜினை வைத்தால், படகு அலையில் துள்ளி ப்ரொப்பெல்லர் காற்றில் சுழன்று மறுபடி தண்ணீரில் விழும் அந்தக் கணத்தில் கியர் பல் போகும். எடையும் பார்க்க வேண்டும். சிறிய வி8ஐ எடுத்துவிட்டுப் பெரிய வி8 வைத்தால் படகின் பின்பக்கம் சுமார் 100 கிலோ கூடும். படகு மூக்கைத் தூக்கித் தூக்கிப் போடத் தொடங்கலாம். படகு தயாரித்தவர் அதற்கு என்று எழுதிவைத்த பவர் வரம்பு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. காப்பீடு எடுத்திருந்தால் மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், குடும்பத்தோடு போய்வரும் படகுக்கு பூஸ்ட்டைக் கூட்டுவதைவிடப் பழைய அளவிலேயே சரியான இன்ஜினை வைத்து, இன்டர்கூலர், பெட்ரோல் பம்ப், குளிர்விப்பு இவற்றுக்குச் செலவு செய்வது புத்திசாலித்தனம். கூடுதல் பவர் வேண்டும், இடமும் இருக்கிறது, டிரைவும் தாங்கும் என்றால் சூப்பர்சார்ஜர் இல்லாத பெரிய இன்ஜினையும் ஒரு வழியாக யோசிக்கலாம். சூடு குறைவு, கவலையும் குறைவு.

இறக்கி வைக்கும் வேலை

இன்ஜின் வெளியே வந்த பிறகு அந்தக் காலி இடத்தை நிதானமாகப் பாருங்கள். இன்ஜின் உட்காரும் நீளச் சட்டங்கள் பல படகுகளில் ஃபைபருக்குள் மரம். சுத்தியல் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்றும், நனைந்து மக்கிய மரம் மொத்தென்றும் சத்தம் கொடுக்கும். பின்சுவரையும் அப்படியே தட்டுங்கள். கிம்பல் பேரிங் (டிரைவுக்குப் போகும் தண்டைப் பின்சுவரில் தாங்குவது), தண்ணீர் உள்ளே வராமல் காக்கும் ரப்பர் பெல்லோஸ், தண்ணீர் குழாய் இவற்றை மாற்ற இதைவிட வசதியான நேரம் கிடைக்காது.

புதிய இன்ஜினை வைத்தபின் அலைன்மென்ட். நீண்ட எஃகுக் கம்பி ஒன்றைப் பின்சுவர் வழியாக, கிம்பல் பேரிங்குக்குள் விட்டு, இன்ஜினையும் டிரைவ் தண்டையும் இணைக்கும் கப்ளரின் பல் வரிசைக்குள் நுழைக்க வேண்டும். இரண்டு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகிறது என்று நிறுத்திவிடாமல், கம்பி நுனியில் மெல்லிதாக கிரீஸ் தடவி, உள்ளே விட்டு, திருப்பாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். கிரீஸில் கப்ளர் பற்களின் தடம் சுற்றிலும் ஒரே அளவாகப் பதிந்திருக்க வேண்டும். மேல்பக்கம் மட்டுமோ கீழ்ப்பக்கம் மட்டுமோ அழுந்தியிருந்தால் முன் மவுண்ட்டை ஏற்றியோ இறக்கியோ மறுபடி பார்க்க வேண்டும். பிறகு கிராங்க்கைக் கால் சுற்று திருப்பி இன்னொரு தடவை. இதில் அவசரப்பட்டால் கப்ளர் தேய்ந்து, மறுபடியும் இன்ஜினையோ டிரைவையோ கழற்ற நேரிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பம்பைத் தனியாகச் சுழற்றி, ஆயில் அழுத்தம் மேலே ஏறுவதைப் பார்த்துவிடுவது நல்லது. பெட்ரோல் பம்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவுங்கள். ஈரம் இருக்கக் கூடாது. இன்ஜின் அறையின் காற்று வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட்டு, மூக்கால் மோந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும்.

முதல் பத்து மணி நேர ஓட்டத்தில் ஆர்பிஎம்மை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். நீண்ட ஐடிலும் வேண்டாம், முழு த்ராட்டிலும் வேண்டாம். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக பூஸ்ட்டுக்குள் போகலாம். முழு பூஸ்ட்டில் காற்று-பெட்ரோல் விகிதம் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று, எடைக் கணக்கில்) 11.5க்கும் 12.5க்கும் இடையில் இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். விகிதம் 13ஐத் தாண்டி ஏறினால் உடனே த்ராட்டிலைக் குறையுங்கள்.

ப்ரொப்பெல்லரைத் தேர்ந்தெடுப்பதும் இந்த ஓட்டத்தில்தான். பிட்ச் என்பது ஒரு சுற்றில் ப்ரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம். முன்பு சொன்ன 300 குதிரைத்திறன் படகில் 19 அங்குல பிட்ச் ப்ரொப்பெல்லரும் 1.5 கியர் விகிதமும் இருந்து, அது 5,000 ஆர்பிஎம்மில் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 குதிரைத்திறனில் அதே ப்ரொப்பெல்லர் இன்ஜினை 5,700க்கு மேல் ஓடவிடும். பல வி8 இன்ஜின்களுக்கு அது வரம்பை மீறிய வேகம். 22 அங்குல பிட்ச் போட்டால் மறுபடி 5,000க்குப் பக்கத்தில் வரும். ஒரு அங்குல பிட்ச் மாற்றினால் பொதுவாக 150 முதல் 200 ஆர்பிஎம் மாறும்; இந்தக் கணக்கில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதிக வித்தியாசம் வந்தால் ஒரே தாவலில் போகாமல் நடுவில் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். பிட்ச் அளவுக்கு மீறிப் பெரிதானாலும் கெடுதல்தான். இன்ஜின் தன் ஆர்பிஎம்முக்கு ஏற முடியாமல், குறைந்த வேகத்தில் முழு பூஸ்ட்டோடு திணறும். நாக்கிங்குக்கு அதுதான் மிகப் பிடித்த இடம். முழு த்ராட்டிலில், வழக்கமான ஆட்களும் பெட்ரோலும் ஏற்றிய நிலையில், இன்ஜின் தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம் எல்லையின் மேல்பாதியைத் தொடும் ப்ரொப்பெல்லரே சரியானது.

20 மணி நேர ஓட்டத்தில் ஆயிலை மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். தகரத்தை வெட்டி, காகித மடிப்பை விரித்து, வெயிலில் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு பழகும் இன்ஜினுக்கு இயல்பு. காந்தத்தில் ஒட்டும் துகள் நிறைய இருந்தால் ரிங், கேம், கியர் இவற்றிலிருந்து வருகிறது. ஒட்டாமல் மினுக்கும் செதில்கள் பேரிங் அல்லது பிஸ்டன். செதில் கண்ணில் பட்டால் படகைத் தண்ணீரில் இறக்காமல் முதலில் ஆயில் கூலரைக் கழற்றிப் பாருங்கள்.